விராலிமலை முருகனுக்கு ஒரு சுருட்டு, லைன் வேனுக்கு ஒரு பதில்

போன தை மாதம், தைப்பூசக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு வெள்ளியும் சனியும் விராலிமலையில் இருந்தேன். போனதற்கு முதல் காரணம் பழனியப்பன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். கத்தாரில் வேலை பார்த்துத் திரும்பி, விராலிமலையில் கடை போட்டிருக்கிறான். "கடையப் பாக்க எப்படா வருவ?" என்று போனில் கேட்டுக் கேட்டு அவனுக்கே அலுத்துவிட்டது. இரண்டாவது காரணம் சுருட்டு. விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கம் உண்டு. பழனியின் மனைவி தேன்மொழி அப்படி ஒரு வேண்டுதல் வைத்து, அது பலித்து, படைக்காமல் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. நான் வருகிற அன்று முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

கூடவே வேண்டாத விருந்தாளியாக ஆபீஸ் வேலை ஒன்றும் பையில் ஏறிக்கொண்டது. மருந்து அட்டைகளில் தனித்தனி எண் அச்சடிக்கிற இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். ஒரு சின்ன வெளிநாட்டின் வரித்துறை எங்களிடம் வந்திருந்தது. நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அவர்களுக்குக் கள்ளச் சிகரெட் பெரிய தலைவலி. சட்டவிரோதப் புகையிலை வணிகத்தை ஒழிக்க நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை போட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனி அடையாள எண், செய்கிறவருக்கும் ஏற்றிச் செல்கிறவருக்கும் உரிமம், நாடுகளுக்குள் தகவல் பரிமாற்றம் என்று அதில் பல விஷயங்கள். இந்தியா ஏற்கெனவே சேர்ந்த நாடு. இவர்கள் இன்னும் சேரவில்லை. சேரலாமா, வேண்டாமா என்று திங்கட்கிழமை நாங்கள் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும்.

நான் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அச்சடி, ஸ்கேன் செய், பிடி. மூன்றே ஸ்லைடு. மேலாளர் பார்த்தார். "மெஷின் இருக்கு. நாடு எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கடுப்பாகத்தான் இருந்தது. மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன்.

விடிகிற நேரத்தில் திருச்சி. மதுரைப் பக்கம் போகும் பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் புது நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஜங்ஷனில் இறங்கியதும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து ஏமாறாதீர்கள். பஞ்சப்பூருக்கு டவுன் பஸ் இருக்கிறது. அங்கிருந்து விராலிமலை இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், அரை மணி நேரம். மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டர் சொன்னார்: "பைபாஸ்லதான் எறக்குவேன் தம்பி. ஊருக்குள்ள போகணும்னா பின்னாடி ஒரு வண்டி வருது, அதுல வாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிசத்துல வந்துரும்."

பத்து நிமிடம் யார் நிற்பது? அதே வண்டியில் போய், பைபாஸில் இறங்கி, முதுகில் பையோடு நடந்தேன். பாதி தூரம் போவதற்குள் அந்தப் பின்னாடி வண்டி என்னைத் தாண்டி ஊருக்குள் போயிற்று. கண்டக்டர் சொன்னால் கேளுங்கள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில், இந்தப் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு என நான்கு கடைகள். இந்தப் பக்கத்தில் முதலாவது பழனியுடையது. டீ, பிஸ்கட், சோப்பு, ரீசார்ஜ், பூஜைச் சாமான் எல்லாம் உண்டு. காலை ஷிப்டுக்குப் போகிற கம்பெனிப் பையன்கள் பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பழனி டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"வேர்த்து ஊத்துது. நடந்தா வந்த?"

"ஆமா."

"ஊருக்குள்ள வர்ற வண்டியில வந்துருந்தா முன்னாடியே வந்துருப்பியேடா."

"தெரியும். டீயக் குடு."

"நீ திருந்தவே இல்ல மாப்ள."

உள்ளேயிருந்து தேன்மொழி தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "வாங்கண்ணே. அவுக பேசிக்கிட்டேதான் இருப்பாக. நீங்க மொதல்ல சாப்புட வாங்க." கடைக்குப் பின்னாலேயே வீடு. நான்கு தோசை, வெங்காயச் சட்னி. நான்கு என்பது நான் நிறுத்திய கணக்கு, அவர் நிறுத்திய கணக்கல்ல.

வேண்டுதல் கதையைச் சாப்பிடும்போது கேட்டேன். கத்தாரில் பழனி வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. பாஸ்போர்ட் அவர்கள் கையில். மாதக்கணக்கில் அவனால் அங்கேயும் வேலை பார்க்க முடியவில்லை, இங்கேயும் வர முடியவில்லை. "தெனம் போன் பண்ணி, சாப்டேன் சாப்டேன்னு சொல்லுவாக. மொகத்தப் பாத்தாத் தெரியாதா?" என்றார் தேன்மொழி. "அந்தப் பாஸ்போட்டு மட்டும் இவுக கைக்கு வரட்டும், நானே ஒனக்குச் சுருட்டு வாங்கியாந்து வைக்கிறேன்னு மலையப் பாத்துச் சொன்னேன். வந்துருச்சு."

முருகனுக்கு ஏன் சுருட்டு என்று தெரியாதவர்களுக்கு: மலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பக்தர் ஆற்று வெள்ளத்தில் சிக்கி, கையில் சுருட்டும் இல்லாமல் தவித்தாராம். யாரோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, கையைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுவந்து விட்டாராம். வந்தது முருகன்தான் என்று அன்றிலிருந்து சுருட்டு வைக்க ஆரம்பித்தார்கள். இடையில் புதுக்கோட்டை ராஜா ஒருவர் இதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்து, கனவில் வாங்கிக் கட்டிக்கொண்டு விட்டுவிட்டாராம். எனக்குப் புகைப் பழக்கம் இல்லை, புகைக்கிறவர்களைப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் இந்தக் கதை பிடித்தது. தவிக்கிறவனுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்திருக்கிறார், உபதேசம் பண்ணவில்லை. நானாக இருந்தால் பண்ணியிருப்பேன்.

ஒன்பது மணிக்கு லைன் வேன் வந்தது. திருச்சியிலிருந்து பிஸ்கட், தீப்பெட்டி, சோப்பு, சிகரெட் என்று ஏற்றிக்கொண்டு சாலையோரக் கடைகளுக்கு வாரம் இரண்டு தடவை இறக்கிப் போகிற வண்டி. இந்த நான்கு கடைகளுக்கும் சரக்கு இதில்தான் வருகிறது. ஓட்டி வந்த சேகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே இறங்கி, இரண்டு அட்டை டப்பாக்களைப் பழனியின் மேசையில் வைத்தார். மேலே தங்க நிறத்தில் ஏதோ வெளிநாட்டு எழுத்து.

"தலைவரே, சாமிக்குச் சுருட்டுன்னு சொன்னீங்கள்ல. ஃபாரின். காசு வேணாம், முருகனுக்கு நம்ம கணக்கா இருக்கட்டும்."

"அய்யோ, எதுக்குண்ணே…"

"இருக்கட்டும். ஃபாரின் சிகரெட்டு எப்ப எறக்கட்டும்? மத்த மூணு கடையிலயும் எறக்கியாச்சு. நீங்க மட்டுந்தான் யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு இழுக்குறீங்க."

"சொல்றேண்ணே."

"சாயந்தரம் மதுரையிலேருந்து திரும்பி இங்கிட்டுத்தான் வாரேன். அப்பச் சொல்லிருங்க. பிஸ்கட்டும் சோப்பும் மட்டும் எறக்குறதுக்கு ஒரு கடையில வண்டிய நிறுத்துறது எனக்குக் கட்டுப்படியாகாது, பாத்துக்கங்க."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டீ குடித்தார், டீக்குக் காசு கொடுத்தார், போய்விட்டார். அவர் போன பிறகுதான் அது மிரட்டல் என்று எனக்கு உறைத்தது. சேகர் சொல்கிற வெளிநாட்டுச் சிகரெட்டைப் பழனி இறக்கவில்லை என்றால், அடுத்த வாரத்திலிருந்து வேன் அவன் கடையில் நிற்காது. பிஸ்கட் இல்லாத டீக்கடையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கத்தாரில் சேர்த்தது மொத்தமும் அந்த ஷட்டருக்குள் இருக்கிறது.

டப்பாக்களைக் கையில் எடுத்துத் திருப்பினேன். எச்சரிக்கைப் படம் இல்லை. விலை இல்லை. இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை. அடியில் சதுரக் குறியீடு மட்டும் ஒன்று. என் போனில் வேலைக்காக ஒரு ஸ்கேனர் செயலி இருக்கிறது. ஒரு டப்பாவில் வைத்தேன், ஒரு நீள எண் வந்தது. இன்னொன்றில் வைத்தேன், அதே எண்.

"பழனி, இங்க பாரு. ரெண்டுலயும் ஒரே நம்பர்."

"அதுக்கு?"

"ரெண்டு ஆளுக்கு ஒரே கைரேகை இருக்குமா? ஒரு டப்பாவப் பாத்து ஆயிரம் டப்பா அடிச்சிருக்கான். இது கடத்தல் மட்டுமில்ல, போலி."

பழனிக்கு இதில் வேறு வருத்தம். "அப்ப இது ஃபாரினே இல்லியாடா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இறக்காதே, இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடு என்றேன். அவன் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினான். "வாங்குறவன் நம்பரப் பாத்தா வாங்குறான்? வரி கட்டாத சரக்கு, வெல கம்மி. படமில்லாத பாக்கெட்டு சட்டப் பையில இருந்தாக் கெத்தா இருக்குங்குறான். நீ சொல்லிட்டு நாளைக்கு ரயிலேறிருவ. வேன் யாருக்கு நிக்காது? எனக்கு."

"தப்புன்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. அந்த மூணு கடையும் நிறுத்தட்டும். நாலாவதா நான் நிறுத்துறேன். மொத ஆளா நான் எதுக்குடா சாவணும்?"

கிட்டத்தட்ட இதே வாக்கியம் என் பையில் இருந்தது. அந்தச் சின்ன நாடு அனுப்பிய கடிதத்தில், பக்கத்து நாடுகள் சேராதபோது நாங்கள் மட்டும் சேர்ந்தால் எங்கள் வியாபாரிகள்தான் நஷ்டப்படுவார்கள் என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது சாக்குப்போக்கு என்று நினைத்தேன்.

தேன்மொழியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, பழனியின் பைக்கில் குன்றாண்டார்கோவிலுக்குக் கிளம்பினோம். கீரனூர் வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பெட்ரோல் இருநூறு ரூபாய்க்குப் போட்டோம், போய் வரத் தாராளமாகப் போதும். சாலை நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பொட்டல், தைல மரம், திடீர் திடீரென்று தண்ணீர் நிறைந்த கண்மாய். கீரனூரில் பரோட்டாக் கடை இருக்கிறது. அதைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு எதையும் நம்ப முடியாது.

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துக்குத் தலைமையிடம் என்றாலும் சின்ன ஊர்தான். பாறையைக் குடைந்து உள்ளே சிவன். குடைவரைக்குள் கால் வைத்ததும் வெயில் நின்றுவிடுகிறது. முன்னால் ஒரு மண்டபத்தைத் தேர் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். கல் சக்கரம், கல் குதிரை. குதிரை பாய்கிற வேகத்தில் இருக்கிறது. நானும் பழனியும் மட்டும்தான். அந்த நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கேயும் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்கிறவன் இல்லை நான்.

பழனி சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். "எம்புட்டு நாளா இங்கேயே நிக்கிது பாரு. நீ மொதல்ல வடத்தப் புடி, நீ மொதல்ல புடின்னே நின்னுருப்பாய்ங்க போல."

"உன்னைப் பத்தித்தான் சொல்றியா?"

"மூடிக்கிட்டு வா."

மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம். மேசை மேல் இருந்த டப்பாக்களைத் தேன்மொழி பார்த்திருந்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். பழனி சொன்னான்.

"ஓசியா?"

"சும்மாதான் குடுத்தாரு. நல்ல சரக்கு தேனு, ஃபாரினு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஃபாரின் இல்லம்மா, போலி" என்றேன். பழனி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தேன்மொழி குரலை உயர்த்தவில்லை. "ஏங்க, நா வேண்டிக்கிட்டது ஒங்களுக்காக. சொந்தக் காசுல வாங்கி வைக்கிறேன்னுதான் சொன்னேன். அதுக்கு ஒருத்தரு ஓசியில குடுத்த டூப்ளிகேட்டா? சாமி என்ன, லைன் கடைக்காரரா?" என்றவர், பர்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம்.

பக்கத்துக் கடை அடைக்கலம் என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் கேன் வியாபாரமும் உண்டு, அதற்காக ஒரு லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டியில் முன் வரிசை முழுக்க சேகர் இறக்கிய பாக்கெட்டுகள். அதே தங்க எழுத்துச் சுருட்டு டப்பாவும் இருந்தது.

"அண்ணே, சாமிக்குச் சுருட்டு ஒண்ணு குடுங்க. நல்லதா."

அடைக்கலம் கண்ணாடிப் பெட்டியைத் தொடவேயில்லை. குனிந்தார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். எச்சரிக்கைப் படம் போட்ட உறை, விலை, செய்தவர் முகவரி எல்லாம் இருந்த உள்ளூர்ச் சுருட்டு. அதில் மடங்காத ஒன்றாகப் பார்த்து எடுத்து, துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

பழனிதான் சீண்டினான். "என்னண்ணே, முன்னாடி ஃபாரின அடுக்கி வச்சுக்கிட்டு எங்களுக்கு மட்டும் அடியிலேருந்து எடுக்குறீங்க?"

"அது வேணாம் தம்பி. சாமிக்கு வைக்கிறது. அதுல என்னத்தப் போட்டுச் சுருட்டியிருக்கானோ."

தேன்மொழி சுருட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். "அப்ப சாமிக்கு ஆகாததத்தான் பஸ்ஸுக்கு நிக்கிற பயலுகளுக்குக் குடுக்குறீங்களாண்ணே?"

அடைக்கலம் சில்லறையை எண்ணாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நா மட்டுமா ஆத்தா விக்கிறேன்? எதுத்தாப்புல ரெண்டு கடை…"

"நா ஒங்ககிட்டத்தான கேக்குறேன்."

"ஆசைப்பட்டா எறக்குனேன்? வேன் நிக்கமாட்டேன்னுட்டான். அப்புறம் பிஸ்கட்டுக்கு எங்கிட்டுப் போறது?"

இதே பேச்சைக் காலையில் பழனி வாயிலிருந்து கேட்டேன். அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நாலாவதாக நிறுத்துகிறேன் என்றவன், வெளியே கைகாட்டினான். "ஒங்க லோடு ஆட்டோ சனிக்கெழம காலையில சும்மாதானண்ணே நிக்கிது?"

"நிக்கிது. அதுக்கென்ன?"

"திருச்சி மொத்தக் கடையில நாமளே எடுத்துட்டு வந்தா என்ன? டீசல் ஆளுக்குப் பாதி."

அடைக்கலம் என்னைப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "நீ எறக்க மாட்டேன்னு சொல்லுவியா? நா இதத் திருப்பிக் குடுத்துட்டு, நீ பின்னாடி எறக்கிட்டேன்னா ஏங்கதி?"

"நீங்க எறக்கிட்டா ஏங்கதி?"

"எங்கடையிலேருந்து பாத்தா ஒங்கடை தெரியும்டா."

"எங்கடையிலேருந்து பாத்தாலும் ஒங்கடை தெரியும்ணே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு முடிந்தது. உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று கண்காணிப்பது எப்படி என்பதற்கு என் மூன்று ஸ்லைடில் ஒரு வரிகூட இல்லை. இங்கே டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு மலை ஏறினோம். இருநூற்றுச் சொச்சம் படி. உயரம் அதிகமில்லை, நல்ல படிகள், பாதிக்கு மேல் காற்று. மயில்கள் நம்மைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. குரங்குகள் கவலைப்படுகின்றன, குறிப்பாகப் பையைப் பற்றி. தேன்மொழி தாம்பூலத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை நடுவில் சுருட்டை வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு ஏறினார். மாலைப் பூஜையில் குருக்கள் தட்டை வாங்கினார், சுருட்டைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. இங்கே அது சர்க்கரைப் பொங்கல் மாதிரி சாதாரணம். தீபாராதனை முடிந்தும் தேன்மொழி கண் திறக்கவில்லை. பழனி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த பாஸ்போர்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதை எடுத்து வந்திருப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இறங்கி வரும்போது வேன் நின்றுகொண்டிருந்தது. பழனி நேரே சேகரிடம் போனான்.

"அண்ணே, எறக்கல. இந்த ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கங்க."

"சாமிக்குக் குடுத்ததத் திருப்பிக் குடுக்குறீங்களா தலைவரே?"

"சாமிக்கு அவ வாங்கி வச்சுட்டா."

அடைக்கலம் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வேனின் பின்பக்கம் வைத்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்தது மொத்தமும் அதில். சேகர் முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் பேசி வச்சுட்டீங்களாக்கும். சரி. எனக்கு எதுத்தாப்புல ரெண்டு கடை இருக்கு, ரோடு முழுக்கக் கடை இருக்கு. ஒங்களுக்கு பிஸ்கட்டு எங்கிட்டு இருந்து வருதுன்னு பாப்போம்." எதிர்ப்பக்கம் போய் வண்டியை நிறுத்திச் சரக்கு இறக்கினார். நாங்கள் பார்க்க வேண்டும் என்றே மெதுவாக இறக்கினார்.

பழனி முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. ஆச்சரியமாக, நான் உபதேசம் பண்ணவில்லை.

சனிக்கிழமை குடுமியான்மலை போவதாக இருந்தேன். போகவில்லை. காலை ஆறு மணிக்கு லோடு ஆட்டோவின் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்னால் அடைக்கலமும் பழனியும். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் மொத்தக் கடைகளில் ஏறி இறங்கி, பிஸ்கட், தீப்பெட்டி, சோப்பு, பில்லோடு வருகிற சிகரெட் என்று எடுத்தார்கள். எல்லா மொத்தக் கடையிலும் அடைக்கலம் விலை பேசினார். எல்லா மொத்தக் கடையிலும் பழனி அவசரப்படுத்தினான். என்னைவிட அவசரக்காரன் ஒருவனைப் பார்ப்பது நிம்மதியாக இருந்தது. சில சாமான் வேனில் வருவதைவிடக் கொஞ்சம் விலை கூட, சில கொஞ்சம் குறைவு. டீசல் போட்டுப் பார்த்தால் வேனுக்குக் கொடுத்ததைவிடக் கூடத்தான் வருகிறது என்று திரும்பும் வழியெல்லாம் அடைக்கலம் புலம்பினார். "எறக்கி விடட்டுமாண்ணே?" என்று பழனி கேட்டபோது, "வண்டி என்துடா" என்றார். நான் பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து வந்தேன். இவ்வளவு வசதியான பயணம் ஏசி பஸ்ஸில்கூட அமைந்ததில்லை.

மதிய ஷிப்டுப் பையன் ஒருவன் வந்து, அந்தப் படமில்லாத பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டான். பழனி இல்லை என்றான். பையன் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போறான்" என்றான் பழனி.

"போறான்."

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். "அண்ணே, ஒரு டீ. அங்கிட்டு டீ நல்லால்ல."

இப்போது என் கருத்து. கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒரு நாடு இந்த உடன்படிக்கையில் சேர வேண்டுமா? வேண்டும். எண் அச்சடிப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்காக அல்ல. நான் விற்கிற எண்ணை எவனும் நகலெடுத்து ஒட்டுவான், என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த எண் ஏற்கெனவே வேறெங்கோ விற்றுப்போனது என்று சொல்ல எல்லைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவன் வேண்டும். அவன் நம்மோடு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் இயந்திரம் வெறும் மை செலவு. எல்லாரும் சேர்ந்த பிறகு சேர்கிறேன் என்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயத்தில் உட்கார்ந்திருந்தால் கல் தேர்தான். கள்ளச் சரக்கை ஒதுக்கச் சொன்னால் மட்டும் போதாது, வேன் நின்றுபோனால் பிஸ்கட் எப்படி வரும் என்பதற்கும் வழி சொல்ல வேண்டும். சின்ன நாடுகளுக்குச் செலவுக்குக் கைகொடுப்பது, பயிற்சி, சுங்கத்துறைகள் தகவலைப் பகிர்வது எல்லாம் அந்த லோடு ஆட்டோதான். சேர்ந்த மறுநாளே கள்ளச் சிகரெட் ஒழியாது. எதிரே இரண்டு கடை இருக்கும். இருக்கட்டும்.

திங்கட்கிழமை நான்காவதாக ஒரு ஸ்லைடு சேர்த்தேன். இரண்டு கடைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு, கீழே ஒரு லோடு ஆட்டோ. படம் கோணல்தான். மேலாளர் பார்த்துவிட்டு, "இதுல இருந்து ஆரம்பி" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குன்றாண்டார்கோவிலுக்குச் சொந்த வண்டி இருந்தால் நல்லது. பஸ் உண்டு, ஆனால் நேரம் அது நினைத்த நேரம். கோயில் மதியம் மூடிவிடும், பன்னிரண்டுக்கு முன் போய்ச் சேருங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். விராலிமலையில் மாலையில் ஏறுவதுதான் சுகம். படியில் எதையும் தின்னாதீர்கள், குரங்கு பார்க்கும். சுருட்டுப் படைக்க வேண்டுதல் இருந்தால் கடைவீதியிலேயே வாங்கிவிடுங்கள். உறையில் படமும் விலையும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கலம் அண்ணன் கடையில் ஃபாரின் கேட்காதீர்கள். இப்போதெல்லாம் திட்டுகிறாராம்.

போன வாரம் பழனி கூப்பிட்டான். எதிர்க்கடைக்காரர்களில் ஒருவர் வந்து, சனிக்கிழமை லோடு ஆட்டோவில் தனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா என்று அடைக்கலத்திடம் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"எடம் இருக்கு, மொதல்ல ஒன் கண்ணாடிப் பொட்டியக் காலி பண்ணிட்டு வான்னாரு."